சமையல் மேடையில் பூனை ஏறாமல் தடுத்தல்

சமையல் மேடையில் பூனை ஏறாமல் தடுத்தல் என்பது, வீட்டில் வளரும் பூனைகளும் தெருவிலிருந்து நுழையும் பூனைகளும் சமையலறை மேடை, உணவு மேசை ஆகியவற்றின் மீது ஏறி உணவைத் தீண்டாதபடி காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் இதற்குப் பயன்பட்ட கருவி உறி ஆகும். உறி வழக்கொழிந்து, எரிவாயு அடுப்புடன் கூடிய மேடை பரவிய பின்னர் இச்சிக்கல் வேறு வடிவம் பெற்றது. உணவு கெடுவது மட்டுமன்றி, பூனைக்குத் தீக்காயம், வீட்டில் தீ விபத்து, தவறான வீட்டு வைத்தியங்களால் பூனை நஞ்சுண்டு இறத்தல் போன்றவையும் இதனுடன் தொடர்புடையவை.

உறி

உறி என்பது கயிறு அல்லது பிரம்பினால் வலை போலப் பின்னப்பட்டு, வீட்டின் உத்திரத்திலிருந்து தொங்கவிடப்படும் தாங்கி ஆகும். பால், தயிர், வெண்ணெய், நெய் ஆகியவை இருக்கும் பானைகள் இதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டன. தமிழகத்தின் கர்நாடக, ஆந்திர எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் பேசப்படுகின்றன. உறியைத் தெலுங்கில் உட்டி என்றும், கன்னடத்தில் நெலுவு என்றும் அழைப்பர். பூனைக்கு அம்மொழிகளில் முறையே பில்லி, பெக்கு என்று பெயர். மலையாளத்தில் தமிழில் உள்ளவாறே உறி என்ற சொல்லே வழங்குகிறது.

உறி பூனையைத் தடுப்பதற்கு அதன் உயரம் மட்டும் காரணமன்று. நன்கு வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்தே தன் உடல் நீளத்தைப் போல ஐந்து மடங்கு வரை தாவக்கூடியது. ஆள் உயரத்தில் தொங்கும் பானை அதற்கு எட்டாத தொலைவு அல்ல. ஆனால் பூனை தாவுமுன் தான் இறங்கவேண்டிய இடத்தைக் கண்ணால் அளக்கிறது. கால் ஊன்றுவதற்கு அசையாத, சமமான பரப்பு தேவை. உறியில் அத்தகைய பரப்பு எதுவும் இல்லை. பானையின் வயிறு உருண்டையானது. அதன்மேல் மூடி உண்டு. தொட்டால் உறி முழுவதும் ஊசலாடும். இதனால்தான் உறிக்கு நேர் கீழே உரலோ, பெட்டியோ, நெல் மூட்டையோ வைக்கக்கூடாது. அசையாத படி ஒன்று கிடைத்துவிட்டால், பின்னங்கால்களில் நின்று பானையை இழுத்துத் தள்ளுவது பூனைக்கு எளிது.

பூனைக்கும் உறிக்கும் உள்ள இத்தொடர்பு பிற இந்திய மொழிகளிலும் பதிவாகியுள்ளது. எதிர்பாராத நற்பேற்றைக் குறிக்க, பூனையின் அதிர்ஷ்டத்தால் உறி அறுந்தது என்ற பொருள்படும் பழமொழி இந்தியில் வழங்குகிறது. தமிழில் இதற்கு ஓரளவு அருகில் வருவது, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தல் என்னும் வழக்கு. கண்ணன் உறியிலிருந்து வெண்ணெய் திருடிய கதையை நினைவூட்டும் உறியடி விழாவைப் பலரும் அறிவர். தஞ்சாவூர்ப் பகுதியில் வரகூர் உறியடி பெயர்பெற்றது. கம்பர் தம் இராமாயணத்தின் அவையடக்கத்தில், இராமகதையைப் பாட முற்படும் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்க முயலும் பூனைக்கு ஒப்பிடுகிறார். அவர் அங்கு ஆளும் சொல் பூனை அன்று, அதன் பழைய வடிவமான பூசை என்பதாகும்.

மேடையின் வருகை

முற்காலச் சமையல் தரையில் நிகழ்ந்தது. விறகடுப்பு, அம்மி, அரிவாள்மனை யாவும் தரை மட்டத்திலேயே இருந்தன. சமைப்பவர் அருகில் அமர்ந்திருக்கும் வரை பூனை நெருங்காது. அவர் எழுந்து செல்லும்போது எஞ்சிய உணவு உறிக்கோ, கம்பிவலை பதித்த மர அலமாரிக்கோ சென்றுவிடும்.

எரிவாயு அடுப்பு இவ்வமைப்பை மாற்றியது. பாதுகாப்பு விதிகளின்படி அடுப்பு எரிவாயு உருளையை விட உயரமான இடத்தில் இருக்கவேண்டும். எனவே அடுப்புடன் மேடையும் தேவையாயிற்று. 1965 இல் இன்டேன் எரிவாயு அறிமுகமான பின்னர் நகரங்களிலும், 2007 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு இணைப்புகளாலும், 2016 இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் உஜ்வலா திட்டத்தாலும் சிற்றூர்களிலும் மேடைச் சமையல் பரவியது. மேடையின் உயரம் பொதுவாக 80 முதல் 90 சென்டிமீட்டர் ஆகும். இது பூனைக்கு ஒரே தாவல். அசையாத, சமமான, அகன்ற பரப்பு, அதன்மேலேயே உணவு. உறியில் இல்லாதவை அனைத்தும் மேடையில் உள்ளன.

ஒசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள குந்தாரப்பள்ளி போன்ற ஊர்களில் மற்றொரு சூழலும் சேர்ந்துகொள்கிறது. குந்தாரப்பள்ளி ஆடு, மாடு விற்கும் வாரச்சந்தைக்குப் பெயர்பெற்றது. இப்பகுதியின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று கேழ்வரகு. தானியம் சேர்த்து வைக்கும் வீட்டில் எலி உண்டு. எலிக்காகப் பூனை விரும்பி வைக்கப்படுகிறது. மறுபுறம், தொழிற்சாலைப் பணியாளர்கள் தங்கும் வரிசை வீடுகளில் சமையலறைக்குத் தனிக் கதவு இல்லாதது வழக்கம். கதவைச் சாத்துங்கள் என்ற அறிவுரை அங்கே பயன்படாது.

பூனை ஏறுவதற்கான காரணங்கள்

பூனை குறும்புக்காகவோ, வீட்டாரைச் சினமூட்டவோ மேடையில் ஏறுவதில்லை. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடும் சிறு விலங்கு. அது பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் கூடும். உயரத்திலிருந்து சுற்றுப்புறத்தைக் கவனிப்பது அதன் வாழ்க்கைமுறை. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதருடன் பூனையும் புதைக்கப்பட்டிருந்தது 2004 இல் அறிவிக்கப்பட்டது. இத்துணை நீண்ட உறவுக்குப் பின்னும் உயரத்தின் மீதான நாட்டம் மாறவில்லை.

இரண்டாவது காரணம் உணவு. பூனை முற்றிலும் ஊனுண்ணி. இனிப்பை உணரும் ஏற்பிக்குரிய மரபணுக்களுள் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்துள்ளது என்று அமெரிக்காவின் மோனெல் ஆய்வு நிலையத்தினர் 2005 இல் கண்டறிந்தனர். ஆகவே பூனை பாயசத்தை நக்குவது சர்க்கரைக்காக அன்று, பாலுக்கும் நெய்க்கும்தான். மீன், கருவாடு, இறைச்சி கழுவிய நீர், பால் பாத்திரத்தின் ஏடு ஆகியவையே அதை மேடைக்கு இழுப்பவை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோசு செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகலாம். பூனைக்குப் பால் வைக்கும் பழக்கம் பூனைக்கும் நல்லதன்று, மேடைக்கும் நல்லதன்று.

குழாயடியில் சொட்டும் நீர், சன்னல் வழியே தெரியும் பறவைகள், பனிக்காலத்தில் அடுப்பின் வெதுவெதுப்பு ஆகியனவும் பூனையை மேடைக்கு ஈர்க்கும்.

ஆபத்துகள்

மண்ணிலும் கழிவிலும் நடந்த கால்களுடன் பூனை மேடைக்கு வருகிறது. டோக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தின் வழியே வெளியேறுகிறது. கருவுற்ற பெண்களுக்கு இது தொற்றினால் கருவிலுள்ள குழந்தை பாதிக்கப்படலாம். எனினும் இதைக் குறித்த அச்சம் பல இடங்களில் மிகைப்படுத்தப்படுகிறது. பூனை பெரும்பாலும் முதல் முறை தொற்றிய பின் சில வாரங்கள் மட்டுமே ஒட்டுண்ணியை வெளியேற்றும். வெளியேறியதும் அது உடனே தொற்றும் நிலையில் இருப்பதில்லை, அதற்கு ஒரு நாளாவது ஆகும். மனிதருக்குச் சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, மண் ஆகியவற்றின் மூலமும் இது பரவுகிறது. மேடையைச் சமைப்பதற்கு முன் சோப்பு நீரால் துடைப்பதும், காய்கறிகளைக் கழுவுவதும் போதிய காப்பாகும்.

இதைவிடக் கண்கூடான ஆபத்து தீ. அணைத்த பின்னும் சூடாக உள்ள அடுப்பில் கால் வைத்துப் பூனைகள் புண்படுகின்றன. தொட்டால் இயங்கும் மின்னடுப்புகளைப் பூனையின் பாதமே இயக்கிவிடக்கூடும். தென்கொரியத் தலைநகர் சியோலில் 2019 சனவரி முதல் 2021 நவம்பர் வரை 107 வீட்டுத் தீ விபத்துகள் பூனைகள் மின்னடுப்பை இயக்கியதால் நேர்ந்தவை என்று அந்நகரத் தீயணைப்புத் துறை அறிவித்தது. ஆகவே வெளியே செல்லும்போது மின்னடுப்பின் சுவர் சுவிட்சையும், எரிவாயு உருளையின் திறப்பானையும் மூடிவிட வேண்டும். அடுப்பின் அருகே துணி, காகிதம் வைக்கக்கூடாது.

தடுக்கும் முறைகள்

முதற்படி, மேடையில் பூனைக்கு எந்த ஆதாயமும் இல்லாமல் செய்வதாகும். பத்து முறை ஏறி ஒரு முறை மீன்துண்டு கிடைத்தாலும் பூனை பதினோராம் முறை ஏறும். சொல்லப்போனால், எப்போதாவது கிடைக்கும் பரிசே பழக்கத்தை மிகவும் உறுதிப்படுத்துகிறது. எனவே உணவைக் கனமான மூடியால் மூடுதல், எச்சில் பாத்திரங்களை இரவில் விட்டுவைக்காமை, மீன் நறுக்கிய இடத்தை உடனே கழுவுதல் ஆகியவை வேறெந்தக் கருவியையும் விடப் பயன் தருபவை. வீட்டிலுள்ள ஒருவர் மட்டும் மேடையில் வைத்து ஊட்டினால் மற்றவர்களின் முயற்சி வீணாகும். பூனையின் சொந்த உணவைக் குறித்த நேரத்தில், சமையலுக்குச் சற்று முன், தரையில் வேறோர் இடத்தில் வைக்கலாம்.

இரண்டாவது, மாற்று உயரம். சன்னலோரம் ஒரு பலகை, பழைய மர அலமாரியின் மேல்தட்டு, சாக்குத்துணி விரித்த முக்காலி ஆகியவற்றுள் ஒன்று மேடையை விட உயரமாகவும், சமைப்பவர் தெரியும்படியும் அமைந்தால் பூனை பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுக்கும். அங்கு சென்று அமரும்போது சிறு தின்பண்டம் தரவேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிடுவதே பல வீடுகளில் தோல்விக்குக் காரணம்: ஏறக்கூடாது என்று சொல்லப்படும் பூனைக்கு எங்கே ஏறலாம் என்பது சொல்லப்படுவதில்லை.

பழக்கம் மாறும் வரை சில வாரங்களுக்கு மேடையின் விளிம்பில் அலுமினியத் தாளையோ, இருபுறமும் ஒட்டும் நாடாவையோ விரிக்கலாம். தாளின் ஓசையும் பிசுபிசுப்பும் பூனைகளுக்குப் பிடிப்பதில்லை. உறியின் தத்துவமும் இதுவே. கால் ஊன்றும் இடத்தை நம்பத்தகாததாக்குவது. சில பூனைகள் தாளைப் பொருட்படுத்துவதில்லை.

தண்ணீர் தெளித்தல், கத்துதல், அடித்தல் ஆகியவை பலர் கையாளும் முறைகள். இவற்றால் பூனை கற்றுக்கொள்வது, மனிதர் இருக்கும்போது ஏறக்கூடாது என்பதை மட்டுமே. இரவில் அது ஏறும். தெனாலிராமன் கதையொன்றில், அரசர் வளர்க்கத் தந்த பூனைக்கு அவன் கொதிக்கும் பாலை வைக்கிறான். வாய் சுட்ட பூனை அதன்பின் பாலைக் கண்டாலே ஓடுகிறது. வலியால் விளையும் வெறுப்பு எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதற்குக் கதை நல்ல சான்று. ஆனால் அப்பூனை பால் குடிக்காமல் மெலிந்துபோவதும் அதே கதையில்தான் வருகிறது.

தவிர்க்க வேண்டியவை

மேடையில் பாச்சை உருண்டை வைத்தல், பினாயில் தெளித்தல், யூக்கலிப்டசுத் தைலம் அல்லது கற்பூரம் தடவுதல் ஆகியவை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை ஆபத்தானவை. பீனால் வகைப் பொருட்களைச் சிதைக்கும் நொதிச் செயல்பாடு பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கி விழுங்கும். பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் பூனைக்கு நஞ்சு. உணவு சமைக்கும் இடத்தில் அது மனிதருக்கும் ஏற்றதன்று. மிளகாய்த்தூள் கண்ணையும் மூக்கையும் புண்படுத்தும். இரக்கப்பட்டு மீந்த சாம்பார்ச் சோற்றை வைப்பதிலும் கவனம் தேவை: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும்.

தெருப்பூனைகள்

பயிற்சி முறைகள் வளர்ப்புப் பூனைகளுக்கே பொருந்தும். வெளியிலிருந்து வரும் பூனைக்கு வழியை அடைப்பது ஒன்றே தீர்வு. சன்னலுக்கும் காற்றுத் துளைக்கும் கம்பிவலை அடிக்கவேண்டும். தலை நுழையும் இடைவெளியில் பெரும்பாலான பூனைகளின் உடலும் நுழைந்துவிடும். ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள திறப்பே வழக்கமான வாயில். வலை அடிக்குமுன் பரணில் குட்டிகள் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். கருத்தடை செய்யப்பட்ட பூனைகள் குறைவாகவே அலையும்.

நஞ்சு வைத்தல், அடித்து ஊனமாக்கல் ஆகியவை 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படியும் தண்டனைக்குரியவை. வளர்த்த பூனையைப் பசியால் வாடும்படி கைவிடுவதையும் 1960 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. சாக்கில் கட்டிச் சில கிலோமீட்டர் தொலைவில் விடும் பழக்கம் இன்றும் உண்டு. அவ்வாறு விடப்பட்ட பூனைகளுள் சில திரும்பி வந்துவிடுகின்றன.