பேதி என்னும் ஒரு சொல்

கிள்ளான் ஆற்று முகத்தில் 1901-இல் திறக்கப்பெற்ற துறைமுகம், பிராங்க் சுவெட்டன்ஹாம் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது. 1972-இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய தமிழருட் பலர் சிலாங்கூர் மண்ணை முதலில் மிதித்தது இங்கேதான். ஆயினும் அவர்கள் நேரே தோட்டம் செல்லவில்லை. தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே அனுப்பப்பெற்றனர். கப்பலோடு வாந்திபேதியும் அம்மையும் கரையேறுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

தோட்டத்திலும் அச்சம் தீர்ந்தபாடில்லை. ஓடை நீரும் திறந்தவெளியில் மலங்கழித்தலும் லயங்களில் நோயை வளர்த்தன. உயிர்களைக் கவர்ந்த நோய்களுள் சீதபேதியும் இரத்தபேதியும் முன்னின்றன. வாந்திபேதிக் கிருமியை இராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். சீதபேதிக் கிருமி ஒன்றைக் கியோஷி ஷிகா 1897-இல் சப்பானில் கண்டறிந்தார். பகை வெளியிலிருந்து வருவது என்பது தெளிவாயிற்று. தூய நீரும் கழிப்பிடமும் அதனை விலக்கின.

எனினும் குடலில் இரத்தம் கசிவதெல்லாம் கிருமியின் வேலையன்று. பெருங்குடல் புண்ணழற்சியை 1859-இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் தனி நோயாக விவரித்தார். அதற்கு இனமான மற்றொன்றை நியூயார்க்கில் பரில் கிரோன் தம் துணைவருடன் 1932-இல் வெளியிட்டார். இவற்றில் உடலின் காப்பாற்றலே குடலைத் தாக்குகிறது. பெரும்பாலும் இளமையில் தொடங்கும் இவை, சிலருக்கு 60-ஐக் கடந்தும் தலைகாட்டும்.

இது நமக்குப் புறம்பான செய்தியன்று. பேராவின் கிந்தாப் பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை நடந்த ஆய்வில், இவ்வகை அழற்சி நோய்கள் ஆண்டுதோறும் இலட்சம் பேருக்கு இந்தியரிடம் 1.91, சீனரிடம் 0.63, மலாய்க்காரரிடம் 0.35 என்ற அளவில் புதிதாகத் தோன்றின. எண்கள் சிறியவை, வேற்றுமையோ பெரிது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்திலும் குடியேறிய இந்தியரிடம் பெருங்குடல் புண்ணழற்சி மிகுந்திருந்ததை 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது. மரபு, உணவு, சூழல் ஆகியவற்றின் கூட்டே காரணம் என அறிஞர் கருதுவர்.

நோய் மாறியது; சொல் மாறவில்லை. நடுவயதில் இரத்தம் கண்டால் இன்றும் பலர் அதனைப் பேதி என்றோ, மூலம் என்றோ, உடற்சூடு என்றோ தள்ளிவிடுகின்றனர். இதில் இரட்டைக் கேடு உண்டு. குடற்புற்றும் இதே குறியுடன் தொடங்கக்கூடும். மேலும், அமீபாச் சீதபேதியும் பெருங்குடல் புண்ணழற்சியும் தோற்றத்தில் ஒத்தவை, மருந்திலோ மாறுபட்டவை. அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டு, அமீபா நோயாளியின் உயிருக்கே தீங்காகலாம். ஆதலால் மலச் சோதனையும், தேவையாயின் குடலின் உள்நோக்குச் சோதனையும் முந்த வேண்டும். மருந்து பிந்த வேண்டும்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியைத் தேடச் சொன்னார். வகுப்பறையில் அதனை விளக்கும் ஆசிரியர்கள் ‘பேதி’ என்ற சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முன்னோர் துறைமுகத்தில் அஞ்சிய நோயின் பெயரை, இன்றைய வேறொரு நோய்க்குச் சூட்டி நாள் கடத்துதல் தகாது.