பழைய எஞ்சினும் செயற்கை ஒயிலும்



பழைய காருக்குச் சிந்தெற்றிக் ஒயில் விட்டால் ஒழுகத் தொடங்கிவிடும் என்று எம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. வீட்டில் இருப்பதே ஒரு கார், அதுவும் இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடியது என்றால் பயம் வரத்தான் செய்யும். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

நிலத்திலிருந்து எடுக்கும் ஒயிலில் மெழுகு கலந்திருக்கும். கடும் குளிரில் அது உறைந்து ஒயிலைக் கூழாக்கிவிடும். 1941 மாரியில் ரஷ்யாவுக்குள் புகுந்த ஜேர்மன் படையின் வாகனங்கள் பல ஸ்டார்ட் ஆகாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய் வளம் குறைந்த ஜேர்மனியில் ஹெர்மன் சோர்ன் போன்ற இரசாயனவியலாளர்கள் 'எஸ்ரர்' வகை ஒயில்களை ஆய்வுகூடத்தில் உருவாக்கினர். போருக்குப் பின் ஜெற் விமானங்களுக்கு அவ்வகை ஒயிலே கைகொடுத்தது. வெளியே உறைகுளிர், எஞ்சினுக்குள் கடும் சூடு. சாதாரண ஒயில் இரண்டையும் தாங்கவில்லை.

கார்களுக்கு இது பரவலாக வந்தது 1970களில். அமெரிக்காவில் 1972இல் அம்சொயில், 1974இல் மொபில் 1. 1973 எண்ணெய் நெருக்கடியால் பெற்றோல் விலை ஏறியிருந்த காலம் அது.

ஒழுக்குப் பேச்சும் அக்காலத்ததே. எஞ்சினின் றப்பர் சீல்கள் சாதாரண ஒயிலில் சற்று ஊதி இறுக்கமாக இருக்கும். ஆரம்பகாலச் செயற்கை ஒயில்கள் சிலவற்றில் அவை சுருங்கி, ஒயில் கசிந்தது. பின்னர் எஸ்ரர் முதலியவற்றைச் சேர்த்து அக்குறையை நீக்கினார்கள். குறை போய்விட்டது, பேச்சு மட்டும் போகவில்லை.

எம்மவர் எஞ்சினுக்குப் பயப்படுவதில் நியாயமும் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். எஞ்சின் தேயும் என்று தெரிந்தும் வேறு வழி இருக்கவில்லை.

இங்கே வழி உண்டு. ஒழுக்கில்லாத, ஒயில் குடிக்காத பழைய எஞ்சினுக்கு, கார்ப் புத்தகத்தில் சொன்ன தடிப்பிலேயே செயற்கை ஒயில் விடலாம். குளிர்காலை ஸ்டார்ட்டுக்கு நல்லது. ஆனால் காய்ந்து வெடித்த சீலைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்தால், புது ஒயில் அதைக் கழுவ ஒழுக்கு வெளிப்படலாம். எனவே முதலில் சீலைப் பாருங்கள். மாற்றிய பின் சில வாரங்களுக்கு ஒயில் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். ஒயில் எரிக்கும் எஞ்சினுக்கு விலை கூடிய ஒயில் விடுவது, கணக்காளன் கணக்கில், காசைப் புகையாக்குவதே.