ஜூலை 30: சவானா மில் வாசலில் பன்னிரண்டு பேர்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், எங்க கம்பெனியில சங்கம் ஆரம்பிக்கிறாங்க. சேரச் சொல்றாங்க. வீட்ல பயப்படுறாங்க. சங்கம்னா சம்பளம் கேட்கத்தானே சார், அதுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்றான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. இன்று ஜூலை 30 என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக்காரர்கள் நாம் தேசிங்கு ராஜாவோடு ஊர் வரலாற்றை முடித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் நம் கோட்டையைப் பிடித்தார். 1761 வரை அது அவர்கள் கையில். பிறகு நாம் ஆங்கிலேயரிடம் போனோம். புதுச்சேரி பலமுறை கைமாறிக் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களிடமே நின்றது. திண்டிவனம் வழியாகப் போனால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அங்கே கொடி வேறு, சட்டம் வேறு.

புதுச்சேரியில் மூன்று பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கெப்ளே. என் பெரியப்பா பிற்காலத்தில் ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். "மில் சங்கு ஊதினாத்தான்டா ஊருக்கு விடியும்" என்பார். அவருக்கு எட்டு மணி நேர ஷிப்ட். அந்த எட்டு மணி நேரம் எப்படி வந்தது என்பதுதான் கதை.

பிரான்சில் தொழிலாளர் சங்கம் வைக்க 1884-லேயே சட்ட உரிமை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1934 தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாள் வேலையைப் பத்து மணி நேரத்துக்குள் நிறுத்தியது. புதுச்சேரித் தொழிலாளிக்கு இரண்டுமே இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நாணயத்தில் அடித்த அரசு, கடல் தாண்டி வரும்போது அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தது!

அங்கேதான் வ. சுப்பையா வருகிறார். 1911-ல் பிறந்தவர். அரிசன சேவையில் தொடங்கியவர். 1934-ல் காந்தியடிகள் புதுச்சேரி வந்ததில் அவருக்குப் பங்குண்டு. அதே ஆண்டு 'சுதந்திரம்' பத்திரிகையையும் தொடங்கினார். 1935-ல் சவானா மில்லில் வேலைநிறுத்தம். 1936 ஜூலையில் மறுபடியும். ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை துப்பாக்கியால் சுட்டது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அந்தச் சமயம் பாரீசில் இடதுசாரிகள் சேர்ந்த மக்கள் முன்னணி ஆட்சி. தன் நாட்டுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரம் என்று அப்போதுதான் சட்டம் போட்ட ஆட்சி. இங்கே சுட்டதற்கு அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1937-ல் சுப்பையா பாரீசுக்கே போனார். அந்த ஏப்ரலில் வந்த ஆணையில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கிடைத்தன. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இந்தப் பக்கம் நமக்கு வாரம் 48 மணி நேரம் என்று சட்டம் வந்ததே 1946-ல்தான்.

தம்பி, உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். அவர்கள் கேட்டது வேலை நேரத்தைத்தான். சுட்டது முதலாளி அல்ல, அரசு. மில் வாசலில் நின்றவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இனி கணக்கு முதலாளியோடு மட்டும் இல்லை என்று. சங்கத்தில் கூட்டம் நடத்தவும் பேசவும் சந்தா வசூலிக்கவும் பழகியவர்கள்தான் விடுதலை இயக்கத்துக்கும் முதுகெலும்பானார்கள். 1946 தேர்தலில் சுப்பையாவின் தேசிய ஜனநாயக முன்னணி வென்றது. 1954-ல் அவர் எல்லைக்கு இப்பால் நம் கோட்டக்குப்பத்தில் இருந்துகொண்டு போராட்டத்தை நடத்தினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தார்கள்.

மில்கள் நிலைக்கவில்லை. ரோடியர் மில் ஏ.எஃப்.டி. ஆகி, 2020-ல் மூடப்பட்டது. பெரியப்பா அதைப் பார்க்க இல்லை, நல்லவேளை. ஆனால் அந்த எட்டு மணி நேரம் இன்னும் நிற்கிறது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எல்லாக் கட்சித் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள்.

வீட்டில் பயப்படுவதைக் குறையாகச் சொல்லாதே. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் நானும் இருந்தேன். லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் என்று செய்தி வந்த அன்று உங்கள் அம்மா (என் துணைவியார்தான், நீங்கள் எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவீர்கள்) அரிசியைக் குறைத்து அளந்து போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. போகாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சங்கத்தின் விதிமுறைப் புத்தகம் இருந்தால் கையோடு எடுத்து வா; பதிவு செய்திருக்கிறார்களா, சந்தாவுக்கு ரசீது தருகிறார்களா என்று உட்கார்ந்து பார்ப்போம்.