பதிவேடும் பொறியும் சட்டமும்

அரசாட்சி ஏட்டினால் நடப்பது. இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், காணியையும் குடியையும் தோம்புகளில் எழுதிவைத்து வரியும் ஊழியமும் பெற்றனர் என்பதை நேயர்கள் அறிவர். அந்த ஒல்லாந்தரின் தாய்நாடே பிற்காலத்தில் பதிவேட்டினால் இருமுறை துன்புற்றது. செயற்கை நுண்ணறிவு அரசாங்கக் கந்தோர்களுக்குள் புகும் இக்காலத்தில் அவ்வரலாறு அறியத்தக்கது.

முதலாவது துன்பம் இரண்டாம் உலகப் போரின்போது நேர்ந்தது. குடிமக்களின் பெயர், முகவரி, சமயம் முதலியவற்றை ஒல்லாந்து அரசாங்கம் செவ்வையாகப் பதிந்து வைத்திருந்தது. 1940ஆம் ஆண்டில் ஜேர்மனியர் நாட்டைக் கைப்பற்றியதும், அப்பதிவுகள் யூதரைத் தேடிப் பிடிக்கும் கருவியாயின. 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு, எதிர்ப்பியக்கத்தவர் சிலர் பொலிசாரின் உடையணிந்து அம்ஸ்ரர்டாம் குடிப்பதிவு நிலையத்துட் புகுந்து தீயிட்டனர். அட்டைகளுள் ஒரு பகுதியே அழிந்தது. அச்செயலின் பொருட்டுப் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

போர் முடிந்தும் அச்சம் தீரவில்லை. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் விபரங்கள் கணினியில் ஏற்றப்படும் என்று அறிந்த மக்கள் பலர் அதனை எதிர்த்தனர். 1981இல் நடைபெறவிருந்த மதிப்பு கைவிடப்பட்டது. 1989ஆம் ஆண்டில், ஆட்பதிவுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இருந்தும் இரண்டாவது துன்பம் வந்தது. பிள்ளைப் பராமரிப்புக்கு உதவிப்பணம் வழங்கிய இறைவரித் திணைக்களம், 2013ஆம் ஆண்டு முதல், தானே கற்றுக்கொள்ளும் பொறியொன்றைக் கொண்டு விண்ணப்பங்களுக்குப் புள்ளியிட்டது. ஐயத்துக்குரியோரைக் காட்டும் குறிகளுள் ஒன்றாகக் குடியுரிமை கொள்ளப்பட்டது. கூடிய புள்ளி பெற்றவரை விசாரிக்கும் உத்தியோகத்தருக்கு, அப்புள்ளி வந்த காரணம் சொல்லப்படவில்லை. சிறு பிழைக்கும் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் கடுமையும் அதனோடு சேர்ந்தது. பல்லாயிரம் பெற்றோர் கடனில் அமிழ்ந்தனர். 2021 ஜனவரி 15ஆம் நாள் அமைச்சரவை பதவி துறந்தது. அவ்வாண்டு இறுதியில், தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அத்திணைக்களத்துக்கு 27 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ தண்டம் விதித்தது.

இங்கே கள்வர் எவரும் கதவை உடைக்கவில்லை என்பது கருதத்தக்கது. தரவுகள் உரிய கந்தோரில், உரிய அதிகாரிகளிடமே இருந்தன. பயன்படுத்திய முறையே சட்டத்துக்கு மாறானது. இரட்டைக் குடியுரிமை பற்றிய விபரம் 2014ஆம் ஆண்டு முதல் தேவையற்றதாயிருந்தும், 14 இலட்சம் பேருடைய அவ்விபரம் 2018 மே மாதத்திலும் அழிக்கப்படாதிருந்தது. பூட்டு கள்வனைத் தடுக்கும். காவலனைத் தடுக்கச் சட்டம் வேண்டும். அச்சட்டமும் பொறியை அமைக்கும்போதே அதனுட் சேர்ந்திருத்தல் வேண்டும்.

இதனை உணர்ந்த ஒல்லாந்து, அரசாங்கம் பயன்படுத்தும் கணிப்பு முறைகளை எவரும் பார்வையிடத்தக்க பொதுப் பதிவேட்டினை 2022 டிசம்பரில் திறந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அரச உதவிக்குத் தகுதியுடையவர் யார் என்று கணிக்கும் பொறிகளை ஆபத்து மிகுந்தவற்றுள் வைத்து, அவற்றுக்கு மனிதரின் மேற்பார்வையை விதித்தது. பொறி செய்த தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமைக்கு, இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இடம் வகுத்துள்ளது.

தோம்பில் தன் பெயர் ஏன் எழுதப்பட்டதென்று குடியானவன் கேட்க முடியாத காலம் ஒன்றிருந்தது. இன்றைய குடிமகன் கேட்கலாம். கேட்பவனுக்குக் காரணம் கூற வல்ல உத்தியோகத்தர் ஒருவர் கந்தோரில் இருக்கும் வரையுமே அவ்வுரிமைக்குப் பொருளுண்டு.