197 பேரைப் படுக்க வைத்த ஆம்லெட்

1/ வெளிநாடு போறவங்க என்கிட்ட அடிக்கடி சொல்றது: "சூடா இருந்தா மட்டும்தான் சாப்பிடுவேன் டாக்டர்." நல்ல பழக்கம்தான். ஆனா அது மட்டும் போதுமா? ஒரு பழைய கதை சொல்றேன்.

2/ 1975 பிப்ரவரி. டோக்கியோவிலிருந்து பாரிஸுக்கு 344 பயணிகளுடன் ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் ஜம்போ விமானம். வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, சாப்பாடு ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அடுத்த நிறுத்தம் கோபன்ஹேகன்.

3/ கோபன்ஹேகன் நெருங்கும்போது காலை உணவு. பன்றி இறைச்சி வைத்த ஆம்லெட், சூடாகத்தான் கொடுத்தாங்க. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தரா வாந்தி, வயிற்று வலி, பேதி. மொத்தம் 197 பேர். 140 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாங்க. நல்லவேளை, பயணிகள் எல்லாரும் பிழைச்சுட்டாங்க.

4/ விசாரணை ஆங்கரேஜ் சமையலறைக்குப் போனது. அங்கே ஒரு சமையல்காரர் விரலில் சீழ் பிடித்த புண். அதிலிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இறைச்சி வழியா ஆம்லெட்டுக்குப் போயிருக்கு.

5/ கிருமி மட்டும் காரணமில்லை, நேரமும்தான். அந்த உணவு சமையலறையில் சாதாரண வெப்பத்தில் சுமார் 6 மணி நேரம், பிறகு போதுமான குளிர் இல்லாத 10 டிகிரியில் 14 மணி நேரத்துக்கும் மேல், அதற்கப்புறம் விமானத்தில் குளிர்சாதனமே இல்லாம சில மணி நேரம் இருந்தது.

6/ அந்த நேரத்தில் கிருமி பெருகி நச்சைச் சுரந்துவிட்டது. சூடு பண்ணினா கிருமி சாகும். நச்சு சாகாது, கொதிக்க வைத்தாலும் தாக்குப்பிடிக்கும். வாசனை, ருசி எதிலும் தெரியாது.

7/ விமானிகள்? ஆங்கரேஜில்தான் ஏறினாங்க. அவங்க கணக்குக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம், அதனால ஆம்லெட் சாப்பிடலை. சாப்பிட்டிருந்தா விமானத்தை யார் இறக்கியிருப்பா? பல நிறுவனங்களில் இரண்டு விமானிகளுக்கும் வேற வேற சாப்பாடு கொடுப்பது ஏன்னு இப்ப புரியுதா?

8/ நமக்கான பாடம்: "சூடா இருக்கா?"ன்னு மட்டும் பார்க்காதீங்க, "எப்ப சமைச்சது?"ன்னும் கேளுங்க. ஹோட்டல் பஃபேயில் வெதுவெதுப்பா மணிக்கணக்கா இருக்கிறதை விட, கண் முன்னாடி சமைச்சுத் தர்ற தெருக்கடை தோசை எவ்வளவோ மேல்.

9/ வீட்டிலிருந்து கட்டிட்டுப் போற சோறு, பிரியாணிக்கும் இதே கதைதான். சோற்றில் வளரும் பேசில்லஸ் கிருமியின் நச்சும் சூட்டுக்கு அடங்காது. சமைத்த உணவு வெளியே 2 மணி நேரம், கடும் வெயிலில் 1 மணி நேரம். அதுக்கு மேல வேண்டாம்.

10/ மீறி வந்துட்டா ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. இந்த நச்சுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, நீங்களா வாங்கிப் போடாதீங்க. காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, குடிச்சதெல்லாம் வாந்தி: இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்க. குழந்தைகள், முதியவர்கள்னா காத்திருக்கவே வேண்டாம்.

பெட்டி கட்டும்போது பாஸ்போர்ட் பக்கத்துலயே நாலு ஓஆர்எஸ் பாக்கெட்டையும் வைங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.