இருவேல்பட்டுக் கணக்கு: ஒரு கிராமத் தரவு கைமாறி வந்த வழி

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது, விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு சில நாள் செய்திகளில் அடிபட்டது. வெள்ளம் பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டதுதான் காரணம். ஆனால் வேளாண் பொருளியல் படித்தவர்களுக்கு இந்த ஊர் 1918 முதலே அறிமுகம். இந்தியாவில் ஒரே கிராமத்தை இவ்வளவு நீண்ட காலம் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்த ஆய்வுகள் அரிது. ஆய்வுத் தரவைத் திறந்து பகிர்வது பற்றி இன்று நடக்கும் விவாதத்தின் முக்கியச் சிக்கல்கள் எல்லாம் இந்த ஓர் ஊரின் கணக்கிலேயே தென்படுகின்றன.

தொடக்கம் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்தவர். வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, விடுமுறைக்குப் புறப்பட்ட மாணவர்களிடம் கொடுத்து, அவரவர் அறிந்த கிராமத்தை எழுதி வரச் சொன்னார். அப்படி 1916இல் எழுதப்பட்டவற்றில் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான், ராமநாதபுரத்து வடமலாபுரம் ஆகியவை பிற்காலத்தில் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்று பெயர் பெற்றன. 1918இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் இவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. மாணவன் தனக்குத் தெரிந்த ஊரை எழுதியதில் ஒரு பலம் உண்டு, பலவீனமும் உண்டு. அந்நாளில் கல்லூரிக்குப் போன பிள்ளை பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. பண்ணை வேலையாளான படியாளின் கடனையும் கூலி நெல்லையும் அவன் எழுதினான். படியாள் அதை எப்படிச் சொல்லியிருப்பான் என்பது அந்தத் தாளில் ஏறவில்லை.

1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்களது மறுஆய்வைப் பல்கலைக்கழகம் 1940இல் வெளியிட்டது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் ஸ்லேட்டர் கிராமங்களைப் பார்த்தார். 1980களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி எழுதினார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மீண்டும் சென்றார்கள். நிலம், உழைப்பு, சாதி அரசியல் பற்றிய அவர்கள் கட்டுரை 2010இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் வந்தது.

இந்த வரிசையில் அடுத்தடுத்து வந்தவர்களுக்கு முதன்மையாகக் கைகொடுத்தது அச்சில் வந்த நூலும் கட்டுரையும்தான். முன்னவர் எதை அச்சிட்டாரோ அதோடுதான் பின்னவர் ஒப்பிட முடியும். அதிலும் அளவைகளில்தான் பெரிய தொல்லை. இந்த வட்டாரத்தில் ஒரு காணி என்றால் ஏறத்தாழ 132 சென்ட்; வேறு வட்டாரத்தில் அதே கணக்கு செல்லாது. படி, மரக்கால், கலம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நெல்லாக அளந்த 1916ஆம் ஆண்டுக் கூலியை ரூபாயாகக் கொடுத்த 1981ஆம் ஆண்டுக் கூலியோடு வைத்துப் பார்க்க வேண்டுமானால், எந்த மரக்கால், அது எத்தனை படி கொண்டது, களத்துமேட்டில் தனியாகக் கொடுத்தது கணக்கில் சேர்ந்ததா என்பதெல்லாம் தெரிய வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத எண்ணை எவ்வளவு தாராளமாகப் பகிர்ந்தாலும் பயனில்லை. குறிப்பு ஏன் தேவை என்பதற்கு ஊர்ப் பெயரே சான்று: 1918 நூலில் ‘எருவெள்ளிப்பேட்டை’ என்று படிக்கும்படி அச்சான ஊர் இது. மாவட்டமும் மாறிவிட்டது, 1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனியானது.

எப்படி எழுதினால் என்ன, ஊரின் உண்மைப் பெயரை ஸ்லேட்டர் வெளியிட்டார். அதனால்தான் பின்னால் வந்தவர்களால் வழி கேட்டுப் போக முடிந்தது. தஞ்சையில் ஆய்ந்த கேத்லீன் கஃப் ‘கும்பபேட்டை’ என்றும் ஆந்த்ரே பெத்தேய் ‘ஸ்ரீபுரம்’ என்றும் புனைபெயர் சூட்டினார்கள். ஊராரைக் காக்கும் நல்லெண்ணம் அது. கஃப்பால் 1976இல் தாமே திரும்பிச் சென்று பார்க்க முடிந்தது. அந்நியர் ஒருவரால் அவர் நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய்விட முடியாது. இருவேல்பட்டில் இதன் மறுபக்கம். ‘ஊரின் பெரிய நிலக்கிழார்’ என்று எழுதினாலே போதும், அது யார் வீடு என்பது பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியும். பெயர்ப் பத்தியை நீக்கிவிட்டோம் என்பதெல்லாம் சில நூறு வீட்டுக் கணக்கில் வெறும் ஆறுதல்.

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்தக் கவலை கிடையாது. 1940இல் அங்கிருந்து வெளிவந்த டி.எம்.வி. 2 நிலக்கடலையின் மகசூலையும் பருவத்தையும் யாருக்கும் சொல்லலாம்; கடலைக்கு அந்தரங்கம் ஏது? பயிர்த் தரவு விதையோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போயிற்று. பல இடங்களில் சோதித்து ஒப்பிடுவது அத்துறையின் அன்றாட வேலை. இயற்கை அறிவியலின் இந்த வழக்கத்தை அப்படியே சமூக அறிவியலுக்கும் விதியாக்க நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள்.

மனிதரைக் கணக்கெடுப்பதில் உள்ள இந்தச் சிக்கலுக்கு அண்மை எடுத்துக்காட்டு ஒன்று. விழுப்புரம், கடலூர் எல்லையில் பத்து கிராமங்களில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் 2010இல் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். 2016–17இல் நீம்சிஸ் என்ற பெயரிலும், பிறகு 2020–21இலும் அக்குடும்பங்களைத் தேடிப் போனார்கள். ஸ்லேட்டர் மரபில் திரும்பிப் பார்க்கப்பட்டது ஊர்; இங்கே குடும்பம். அதற்குப் பெயரும் முகவரியும் யாராவது ஒருவர் பூட்டி வைத்திருந்தே ஆக வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு பணமதிப்பு நீக்கம் வந்தபோது களப்பணி பாதியில் இருந்தது. அதனால் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த பதில்களை வைத்து அதன் தாக்கத்தை 2017இல் எழுத முடிந்தது. இதே வகைத் தரவைத் தொலைவிலிருந்து திறப்பவருக்கு வேறொரு இடறல் காத்திருக்கிறது. கைமாத்து, தண்டல், சீட்டு, அடகு எல்லாம் ‘கடன்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எண்களாக நிற்கும். கைமாத்துக்கு வட்டி இல்லை, ஆனால் கடமை உண்டு. தண்டலுக்கு நாள்தோறும் வாசலில் ஆள் வந்து நிற்பார். எண்களின் பொருளை விளக்கும் குறியீட்டேடு இதைச் சொல்லாவிட்டால் கணினி இரண்டையும் கூட்டிவிடும்.

அரசுத் தரப்பில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குடும்ப அளவிலான தரவு 1999 கொள்கைக்குப் பிறகு ஆய்வாளர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு அளிக்கிறது. அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடு தழுவிய மாதிரிக்கு இது சரி. ஒற்றைக் கிராமத்துக்குப் போதாது. அங்கே வினாப்பட்டியல், அளவைக் குறிப்பு, குறியீட்டேடு மூன்றையும் முழுமையாகத் திறந்து வைத்து, குடும்பவாரித் தாளை மட்டும் பொறுப்பேற்கும் ஆய்வாளருக்குக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்தது என்பது என் கருத்து. ஊருக்கு உரிய சுருக்க அட்டவணை தமிழில் ஊராட்சி அலுவலகத்துக்கும் போக வேண்டும். ஸ்லேட்டர் முதல் ஹாரிஸ் வரை மேலே சொன்ன நூலும் கட்டுரையும் ஆங்கிலத்தில் வந்தவை. தாத்தா என்ன கூலி வாங்கினார் என்று இருவேல்பட்டுப் பெண் ஒருத்தி இன்று தேடினால், ஊரில் அல்ல, அந்த ஆங்கில எழுத்துகளில்தான் தேட வேண்டியிருக்கும்.