கடைசி ஒரு புள்ளி

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஆறு பேர் ஒரு குகைக்குள் இறங்கினார்கள். ஐந்து ஆண்கள், ஒரு பெண். ஃபிளின்ட் ரிட்ஜ் என்ற குகைத் தொகுதியும் புகழ்பெற்ற மாமத் குகையும் பூமிக்கடியில் எங்காவது இணைகின்றனவா என்பது பல ஆண்டுகளாக நடந்துவந்த தேடல். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில், ஆள் நுழைய முடியுமா என்று சந்தேகப்பட வைத்த ஓர் இடுக்கில் முதலில் உடலை நுழைத்து அப்பால் போனவர் அந்தக் குழுவின் பெண், பட்ரீஷியா கிரௌதர். அவர் திறந்த அந்த வழியாகத்தான் செப்டம்பர் 9 அன்று குழு மாமத் குகையை எட்டியது. இணைந்த குகையின் நீளம் அப்போதைய அளவில் சுமார் 232 கிலோமீட்டர். உலகிலேயே நீளமான குகை அதுதான்.

வீடியோ கேம் பற்றிய கட்டுரையை நான் ஏன் குகையில் தொடங்குகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பட்ரீஷியாவும் அவருடைய கணவர் வில் கிரௌதரும் சேர்ந்து குகை அளவீடுகளைக் கணினியில் ஏற்றி வரைபடங்கள் தயாரித்தவர்கள். பின்னர் இருவரும் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு வில், தன் மகள்கள் விளையாடுவதற்காகவும் தனக்காகவும், தங்களுக்குத் தெரிந்த குகையை வைத்து ஒரு கணினி ஆட்டம் எழுதினார். படங்கள் கிடையாது. எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்து குகைக்குள் நடக்க வேண்டும். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' என்று இன்று வரலாறு குறிப்பிடுவது அதைத்தான்.

வுட்ஸின் வடிவத்தில் மதிப்பெண் உண்டு. முழு மதிப்பெண் 350. புதையல்களையெல்லாம் மீட்டு, உயிரோடு இறுதிவரை போனவர்களும் 349இல் நின்றார்கள். மிச்சமிருந்த ஒரே ஒரு புள்ளிக்கு, குகையில் கிடக்கும் ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு போய் 'விட்ஸ் எண்ட்' என்ற மூலையில் போட வேண்டும். ஆட்டத்தின் எந்தத் தேவைக்கும் அது உதவாது. ஆட்டத்தின் நிரலையே பிரித்துப் பார்த்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. ஒரு புள்ளிக்கு இத்தனை பாடா என்று சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வராது, ஏனென்றால் நானும் அந்தச் சாதிதான்.

நான் பொழுதுபோக்குக்காக விளையாடுகிறவள். இதில் சம்பாதிப்பதில்லை, போட்டிகளுக்குப் போவதில்லை. வேலை முடிந்து, சமையல் முடிந்து, வீடு அடங்கியபின் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் விளையாடுவேன். கதையை முடித்ததோடு என்னால் நிறுத்த முடியாது. இன்றைய ஆட்டங்களில் 'அச்சீவ்மென்ட்' என்றும் 'டிராஃபி' என்றும் ஒரு பட்டியல் இருக்கும். இந்த முதலாளியை வீழ்த்து, இத்தனை இறகுகளைச் சேர், ஒரு முறையும் அடிபடாமல் இந்த அறையைக் கட என்று இருபது, முப்பது, ஐம்பது பணிகள். ஒன்றை முடித்தால் திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று மணியோசையோடு எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் முடித்தால் பிளாட்டினம். வீட்டு வேலைக்கு இப்படி ஒரு மணியோசை கிடையாது என்பதைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துலக்கிய பாத்திரம் இரவே மறுபடி தொட்டிக்கு வந்துவிடும். முடிந்தது என்று ஒரு வேலை தன் வாயால் சொல்வதில் எனக்கிருக்கும் ருசி அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

இந்தப் பட்டியல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். எது சாதனை என்று தீர்மானித்தது யார்? சாதித்தவர் பெயர் எங்கே எழுதப்பட்டது? கொலாசல் கேவில் அந்த இடுக்கில் நுழைந்த பெண்ணின் பெயர் இல்லை. பத்திரிகையை மூலையில் போட்டால் ஒரு புள்ளி உண்டு.

அடுத்த திருப்பம் 1980களின் தொடக்கம். அடாரி நிறுவனம் ஆட்டங்களை எழுதியவர்களின் பெயரை வெளியிடாது. கொலாசல் கேவைப் பார்த்து 'அட்வென்ச்சர்' என்ற ஆட்டத்தை எழுதிய வாரன் ராபினெட், நிறுவனத்துக்குத் தெரியாமல் ஆட்டத்துக்குள் ஓர் இரகசிய அறை கட்டி அதில் தன் பெயரை ஒளித்துவைத்தார். இந்தப் பெயர்ச் சண்டையில் வெளியேறிய நிரலாளர்கள் சேர்ந்து 1979இல் தொடங்கியது ஆக்டிவிஷன். அவர்கள் ஆட்டத்தை எழுதியவரின் பெயரைப் போட்டார்கள். விளையாடுகிறவரையும் விடவில்லை. குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டி, தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளத் துணிப்பட்டை ஒன்று வீடு வந்து சேரும். இன்றைய அச்சீவ்மென்ட்டின் பாட்டி என்று இதைச் சொல்லலாம்.

அந்தப் பட்டைகளில் ஒன்று 'ரிவர் ரெய்ட்' ஆட்டத்துக்கானது. 15,000 புள்ளிகள் எடுக்க வேண்டும். 1982இல் வந்த அந்த ஆட்டத்தை எழுதியவர் கரோல் ஷா என்ற பெண். விமானத்தின் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் நீண்ட ஆற்றை வெறும் 4 கிலோபைட்டுக்குள் அடக்கினார். ஆற்றின் படத்தைச் சேமித்துவைக்க இடமில்லாததால், கரைகள் எப்படி வளைய வேண்டும் என்பதை ஓடும்போதே கணக்கிட்டு உருவாக்கும்படி எழுதினார். ஆக்டிவிஷனுக்கு முன் அவர் 1978இலிருந்து அடாரியில் இருந்தவர். ஒரு பெண் ஆட்டம் எழுதுகிறார் என்று கண்ட அடாரியின் தலைவர், இனி அழகுசாதனப் பொருட்களின் நிறப் பொருத்தம், வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் ஆட்டங்கள் செய்யலாமே என்று சொன்னதாகப் பின்னாளில் நேர்காணலில் ஷா நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் எழுதியது போர் விமானம்.

1982 நவம்பரில் அயோவா மாநிலத்தின் ஒட்டும்வா என்ற சிறு நகரத்தில் ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. 'ட்வின் கேலக்ஸீஸ்' என்ற ஆர்கேட் கடையை நடத்திய வால்டர் டே, நாடு முழுவதும் எடுக்கப்படும் அதிகபட்ச மதிப்பெண்களைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தார். அவர் அழைத்துவந்த சாம்பியன்களை 'லைஃப்' இதழ் தெருவில் நிறுத்திப் படம் எடுத்தது. ஆட்ட இயந்திரங்களுக்குப் பின்னால் நிற்கும் சாம்பியன்கள் எல்லோரும் ஆண்கள். படத்தில் பெண்களும் இருக்கிறார்கள். பள்ளியின் சியர்லீடர் சீருடையில், உற்சாகப்படுத்துகிறவர்களாக.

பெண்கள் அப்போது விளையாடவில்லையா? டோரு இவாடானி 1980இல் பேக்மேனை உருவாக்கியபோது பெண்களும் ஆர்கேடுக்கு வர வேண்டும் என்று நினைத்தே சாப்பிடுவதை ஆட்டமாக்கினார். அடாரியில் 'சென்டிபீட்' ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் டோனா பெய்லி. 1984இல் 'கியூபர்ட்' ஆட்டத்தில் 11,12,300 புள்ளிகள் எடுத்து உலக சாதனை படைத்தபோது டோரிஸ் செல்ஃப் என்ற பெண்ணுக்கு வயது 58. ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, எண்பதை நெருங்கும் வயதில், இழந்த சாதனையை மீட்க அதே இயந்திரத்தின் முன் அவர் திரும்பி வந்து நின்றதை 2007இல் வெளிவந்த 'தி கிங் ஆஃப் காங்' ஆவணப்படத்தில் பார்க்கலாம். ஆக, பெண்கள் எழுதினார்கள், விளையாடினார்கள், சாதனை படைத்தார்கள். ஆனால் வீடியோ கேம் சாம்பியன் என்றால் யார் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியது ஒட்டும்வா படம். இன்றும் ஒரு பெண் தான் கேமர் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, 'நிஜமாவா? என்னென்ன விளையாடியிருக்கீங்க?' என்பது. ஆண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை.

2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது பதிவு செய்யும் வேலை மனிதர்களின் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போனது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அச்சீவ்மென்ட், அவற்றைக் கூட்டி 'கேமர்ஸ்கோர்' என்ற ஒரே எண். 2007இல் ஸ்டீம், 2008இல் பிளேஸ்டேஷன் 3 ஆகியவையும் இதே வழியில் வந்தன. புகைப்படம் எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்கள் முடித்த நாளையும் நேரத்தையும் இயந்திரமே குறித்துக்கொள்ளும். நம்பாதவருக்கு எடுத்துக்காட்டலாம். நிரூபிக்கச் சொல்லியே பழக்கப்பட்ட பெண்களுக்கு இது பெரிய விஷயம். விளையாட்டுக் கணக்கில் பெண் பெயர் வைத்தால் என்னென்ன செய்தி வரும் என்று தெரிந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரை வைத்திருக்கும் தோழிகள் எனக்கு உண்டு. அவர்களுடைய எண்ணும் அவர்களுடையதுதான்.

ஆனால் இயந்திரம் குறிப்பது கணக்கின் பெயரை. கன்ட்ரோலர் யார் கையில் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்குக் கன்சோல் வந்தபோது நான் பதினோராம் வகுப்பு. வாங்கியது அண்ணனுக்காக. கணக்கும் அண்ணன் பெயரில். அவன் கல்லூரி விடுதிக்குப் போனபின் நான்கு வருடம் அதில் விளையாடியவள் நான். மூன்று பிளாட்டினம் அதில் இருக்கின்றன. வேலைக்குப் போய் என் சம்பளத்தில் சொந்தமாக வாங்கியபோது அவற்றை என் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று பார்த்தேன். முடியாது. டிராஃபி கணக்கோடு ஒட்டியது. அண்ணனிடம் சொன்னேன். "எல்லாம் நம்ம வீட்டுலதானே இருக்கு, விடும்மா" என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நம் அம்மாக்கள் வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பாட்டிகள் வயலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். உழுதவள் ஒருத்தி, பட்டா ஒருவன் பெயரில். நான் இழந்தது மூன்று சின்னப் படங்கள்தான். பதிவேடு எப்படிப் பொய் சொல்லும் என்பதை அவை எனக்குக் கற்றுக்கொடுத்தன. வரலாற்றில் எத்தனை 'அவர்' உண்மையில் அவள் என்று அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

பெயர் கிடைத்துவிட்டால் போதுமா? முதல் கேள்வி மிச்சமிருக்கிறது. பட்டியலை எழுதுவது யார்?

2010இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கும் ஆட்டம். கதையும் நிலக்காட்சியும் அருமை. அதன் அச்சீவ்மென்ட் பட்டியலில் 'டாஸ்டர்ட்லி' என்று ஒன்று. ஒரு பெண்ணைக் கைகால் கட்டித் தண்டவாளத்தில் கிடத்தி, ரயில் ஏறி அவள் சாவதைப் பார்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் அதற்கு 5 புள்ளி. ஆணைக் கிடத்தினால் கணக்கில் வராது. இரண்டு வருடம் கழித்து வந்த 'லாலிபாப் செயின்சா' ஆட்டத்தில், கதாநாயகியின் பாவாடைக்குக் கீழே எட்டிப் பார்க்க முயன்றால் அதற்கும் ஒரு அச்சீவ்மென்ட்.

இது பழைய மௌனப் படங்களைக் கிண்டல் செய்யும் நகைச்சுவை, அந்தப் பெண் வெறும் பிக்சல், ஆட்டத்தில் ஆண்களை நூற்றுக்கணக்கில் சுடவில்லையா என்பார்கள். சுடுகிறேன். எதையும் செய்யவிடுகிற ஆட்டத்தில் கொடுமையும் செய்ய முடியும் என்பது வேறு. இதைச் செய்தால் பதக்கம் தருகிறேன் என்று பட்டியலில் எழுதுவது வேறு. பட்டியலில் ஒன்று ஏறுகிறது என்றால், ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து, விளையாடுகிறவர் இதைச் செய்தால் மகிழ்வார் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் மனதில் இருந்த விளையாடுகிறவர் நான் இல்லை. ஒட்டும்வா தெருவில் இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற பையன்தான் இன்னும் அங்கே நிற்கிறான்.

என்னைப் போன்றவர்களுக்கு இதில் சிக்கல் இரட்டிப்பு. கதையை மட்டும் முடிக்கிறவர் அந்த வரியைக் காணாமலே போய்விடலாம். முழுமை வேண்டும் என்பவள் அதைத் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் அது இல்லாமல் பிளாட்டினம் இல்லை. எல்லாவற்றையும் முடி என்ற ஆசை, எல்லாவற்றுக்கும் சம்மதி என்று மாறிவிடும் இடம் இது. சொன்னதையெல்லாம் குறையில்லாமல் செய்து நல்ல பேர் எடுக்க வளர்க்கப்பட்டவர்கள் நாம். பட்டியலின் கடைசி வரியை நிரப்பாமல் விடுவது நமக்கு எளிதல்ல.

என் சொந்தக் கணக்கில் அந்த ஆட்டத்தைப் பழைய தட்டாக வாங்கி விளையாடினேன். தண்டவாளப் பணியை மட்டும் தொடவில்லை. பிளாட்டினம் வரவில்லை. பட்டியலைத் திறந்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கும். முடிக்கத் தெரியாதவள் என்று பார்ப்பவர் நினைக்கலாம். இயந்திரத்துக்கும் அப்படித்தான் தெரியும், மறுப்பைக் குறித்துக்கொள்ள அதில் இடம் இல்லை. அதனால் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.